கல்லைத் தாளில் காத்த ஓவியர் தாமஸ் டேனியல்

உலகையாண்ட ரோமாபுரி வீழ்ந்து பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னர், பேரரசர்கள் வெற்றியுலா வந்த அதன் பெருமன்றம் மண்மூடிப் போயிற்று. வெற்றி வளைவுகள் பாதியளவு புதைந்தன. தூண்கள் துணையின்றி நின்றன. இடையே கிடந்த வெளியில் மாடுகள் மேய்ந்தன. அவ்விடத்தை மாட்டுவெளி என்றே ஊரார் பெயரிட்டு அழைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரானேசி என்னும் ஓவியர் அந்த இடிபாடுகளின் முன் வந்து அமர்ந்தார். வெனிஸ் நகரை அடுத்த ஓர் ஊரில் 1720ஆம் ஆண்டு பிறந்து, 1778ஆம் ஆண்டு ரோமாபுரியில் மறைந்த அவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றை வரைவதிலும், வரைந்தவற்றைச் செப்புத் தகட்டில் பொறித்து அச்சிடுவதிலும் செலவிட்டார். ரோமாபுரிக் காட்சிகள் என்னும் ஒரு வரிசையில் மட்டும் 135 படங்கள் உள்ளன. அந்நகருக்கு யாத்திரை வந்த ஐரோப்பியச் செல்வர்கள் அவற்றை விலைகொடுத்து வாங்கித் தத்தம் மாளிகைச் சுவர்களில் மாட்டினர். இடிந்த கட்டடமும் கண்ணுக்கு விருந்தாகும், கருத்துக்குப் பாடமாகும் என்னும் எண்ணம் இங்கிலாந்தில் பரவியதற்கு அப்படங்கள் பெரிதும் காரணமாயின.

பிரானேசி ரோமாபுரிக்குச் செய்த தொண்டை நம் நாட்டுக்குச் செய்தவர் யார் என்று கேட்டால், முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்க பெயர் தாமஸ் டேனியல் என்பதாகும். தமிழகத்தின் கோயில்களையும் கோட்டைகளையும் அருவிகளையும் வரைந்து, பின்னர் மும்பைக்கு வந்து, நாம் விடுமுறை நாளில் பிள்ளைகளோடு சென்று காணும் எலிபண்டா, கன்னேரிக் குகைகளையும் அவர் வரைந்தார். தாமிரபரணிக் கரையிலிருந்து மாகிம் கழிக்கரைக்கு வந்து வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

பிறப்பும் இளமையும்

தாமஸ் டேனியல் 1749ஆம் ஆண்டு, லண்டன் மாநகருக்கு அணித்தான செர்ட்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வூரில் விடுதி நடத்தி வந்தவர். செல்வக் குடும்பம் அன்று. கலைக் குடும்பமும் அன்று. இளமையிலேயே அவர் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டும் தொழிலில் பயிற்சிக்கு விடப்பட்டார். அக்காலத்துப் பிரபுக்களின் குதிரை வண்டிக் கதவுகளில் குலச்சின்னங்களும் பூவேலைகளும் நுண்ணிய தூரிகையால் தீட்டப்படும். கை நடுங்காமல் கோடிழுக்கவும், ஒரு வண்ணம் உலரும் வரையில் பொறுத்திருக்கவும் அத்தொழில் அவருக்குக் கற்பித்தது. பிற்காலத்தில் வெயிலிலும் மழையிலும் மலைச்சரிவிலும் அமர்ந்து வரைந்த கை, முதலில் வண்டிக் கதவில் பழகிய கையே ஆகும்.

1773ஆம் ஆண்டு அவர் லண்டனில் இருந்த அரசுக் கலைக்கழகத்தின் பள்ளியில் சேர்ந்தார். அக்கழகத்தின் கண்காட்சிகளில் அவருடைய இயற்கைக் காட்சிப் படங்கள் இடம்பெற்றன. ஆயினும் பொருள்வளம் பெருகவில்லை. செல்வர் தம் முகத்தையும் மனைவி மக்கள் முகத்தையும் தீட்டித் தருவோர்க்கே பொன்னை அள்ளிக் கொடுத்தனர். மரத்தையும் மலையையும் தீட்டுவோரை நாடி வந்தோர் சிலரே. இந்நிலையில் வில்லியம் ஹாட்ஜஸ் என்னும் ஓவியர் இந்தியாவில் சில ஆண்டுகள் சுற்றிவிட்டுத் திரும்பி, ஆங்குக் கண்ட காட்சிகளை அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். தூர தேசத்துக் காட்சிகளுக்கு மதிப்புண்டு என்பதைத் தாமஸ் உணர்ந்தார்.

அப்பொழுது அவர் பொறுப்பில் ஓர் இளைஞனும் இருந்தான். உடன்பிறந்தாரின் மகனான வில்லியம், 1769ஆம் ஆண்டு பிறந்தவன். பத்து வயதளவில் தந்தையை இழந்து தாமஸின் அரவணைப்பில் வளர்ந்தவன். தமக்குத் தெரிந்த தொழிலையே அவனுக்கும் கற்பித்து, அவனையும் உடனழைத்துக்கொண்டு இந்தியாவுக்குச் செல்வது என்று அவர் துணிந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1784ஆம் ஆண்டு அதற்கு இசைவு தந்தது.

கப்பலேறிய இருவர்

1785ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இருவரும் கப்பலேறினர். தாமஸுக்கு முப்பத்தைந்தைக் கடந்த வயது, வில்லியத்துக்குப் பதினாறு. சீன நாட்டுத் துறைமுகங்களைச் சுற்றிக்கொண்டு 1786ஆம் ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவை அடைந்தனர். உறவினரும் நண்பரும் இல்லாத ஊரில், கைத்தொழிலை மட்டும் முதலாகக் கொண்டு வாழ்க்கையைத் தொடங்குவது எத்தகையது என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

பிழைப்புக்காகத் தாமஸ் பழைய ஓவியங்களைப் பழுது பார்த்தார். கல்கத்தா நகரின் பன்னிரண்டு காட்சிகளை அச்சிட்டு விற்கலாம் என்று திட்டமிட்டார். ஆனால் அத்தொழில் அறிந்தார் அவ்வூரில் அரியர். ஆதலால் வரைபவரும், செப்புத் தகட்டைப் பொறிப்பவரும், அச்சிடுபவரும் அவரே ஆக வேண்டியிருந்தது. உள்ளூர்த் தொழிலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டாண்டுக்கும் மேல் முயன்று, 1788ஆம் ஆண்டில் அதனை முடித்தார். வேலைப்பாட்டில் குறைகள் இருந்தபோதிலும் படங்கள் விற்றன. அந்த வருவாயே அவர்களுடைய நெடும்பயணத்துக்கு வழிச்செலவாயிற்று.

1788 முதல் 1791 வரையில் அவர்கள் வடநாட்டைச் சுற்றினர். கங்கை வழியே படகிலும், பின்னர் தரைவழியிலும் சென்று ஆக்ரா, டில்லி முதலிய நகரங்களைக் கண்டனர். 1789ஆம் ஆண்டு இமயமலைச் சாரலில் கடுவால் நாட்டுச் சீநகர் வரையில் ஏறினர். ஐரோப்பிய ஓவியர் எவரும் அதற்குமுன் அத்துணைத் தொலைவு அம்மலையில் சென்றதில்லை. ஹாட்ஜஸ் வெளியிட்ட படங்களையும் உடன் கொண்டுசென்று, அவர் வரைந்த இடங்களுக்கு நேரில் போய் ஒப்பிட்டுப் பார்த்தனர். அழகுக்காக உண்மையைச் சற்றே வளைத்திருந்த இடங்களைக் கண்டு, தாம் அவ்வாறு செய்யலாகாது என்று உறுதி பூண்டனர். இருட்பெட்டி என்னும் கருவியைத் துணைக்கொண்டதும் அதனாலேயே. கண்ணாடி வழியே புகும் ஒளி, எதிரே நிற்கும் கட்டடத்தின் உருவைத் தாளின்மேல் விழச்செய்யும். அக்கோடுகளைப் பின்பற்றி வரைந்தால் அளவு பிறழாது. இத்தாலியப் பிரானேசி கட்டடங்களை உள்ளதினும் பெரியனவாகக் காட்டிக் காண்போரை வியக்க வைத்தவர். டேனியல் உள்ளதை உள்ளவாறு காட்டி நம்பவைத்தவர்.

தமிழகத்தில் டேனியல்

1792ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இருவரும் கடல்வழியாகச் சென்னை வந்து சேர்ந்தனர். அம்மாதத்தில்தான் திப்பு சுல்தானுக்கும் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் உடன்படிக்கையால் முடிவுற்றது. போர் நிகழ்ந்த இடங்களைப் படத்திலேனும் காண ஆங்கிலேயர் ஆவலாயிருந்தனர். அந்த ஆவலை அறிந்து, ஏப்ரல் 9ஆம் நாள் அவர்கள் சென்னையிலிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்டனர். பல்லக்குகள், அவற்றைச் சுமக்கும் ஆட்கள், கூடாரங்கள், எருதுகள், சமையற்காரர், காவலர் எனப் பெருங்கூட்டமே உடன் சென்றது. கோடைக் கடுவெயிலில் இரவிலும் விடியலிலும் வழிநடந்து, பகலில் கண்ட இடத்தை வரைந்து, அடுத்த ஊருக்கு நகர்ந்தனர்.

ஓசூர், இராயக்கோட்டை முதலிய மலைக்கோட்டைகள் அவர்கள் படங்களில் இடம்பெற்றன. பின்னர்த் தெற்கு நோக்கி மதுரையை அடைந்தனர். அங்கே திருமலை நாயக்கர் அரண்மனை இடிந்து கிடந்தது. பதினேழாம் நூற்றாண்டில் அம்மன்னர் எழுப்பிய அப்பெருமாளிகையின் பெரும்பகுதியை, அவர் பேரர் சொக்கநாத நாயக்கரே பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுசென்றார் என்பது வரலாறு. எஞ்சியிருந்த தூண்களும் வளைவுகளும், அவற்றின்மேல் முளைத்த செடிகொடிகளும், நிழலில் ஒதுங்கிய மனிதரும் டேனியலின் தாளில் பதிந்தனர். பின்னாளில், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு அந்த அரண்மனையைப் பழுது பார்க்கச் செய்தார். இன்று நாம் காண்பது அவ்வாறு சீர்செய்யப்பட்ட பகுதி. பழைய மாளிகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. சீர்செய்வதற்கு முன் அது கிடந்த கோலத்தைக் காண வேண்டுமாயின் டேனியலின் படங்களையே நாட வேண்டும்.

மதுரைக் கோட்டையின் காட்சியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1840களில் அக்கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அவ்விடத்தில் வீதிகள் எழுந்தன. வெளிவீதியிலும் மாரட் வீதியிலும் இன்று நடப்போர், தாம் மதில் நின்ற நிலத்தின்மேல் நடக்கிறோம் என்பதை நினைப்பதில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபமும் அவர்கள் தூரிகைக்கு விருந்தாயிற்று. நெடுங்காலம் தையற்காரரும் புத்தக வணிகரும் கடை விரித்திருந்தமையால் சிற்பங்கள் மறைந்து கிடந்த அந்த மண்டபம், டேனியலின் படத்தில் தூண்வரிசை முழுதும் தெரிய விளங்குகிறது.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அன்பர்கள் நம் தாராவியில் மிகப் பலர். அவர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்றுண்டு. களக்காட்டருகே நின்று தென்கோடி மலைகளை நோக்கி வரைந்த காட்சி ஒன்றும், பாபநாசத்து அருவிக் காட்சி ஒன்றும், குற்றாலத்து அருவிக் காட்சி ஒன்றும் டேனியலின் வரிசையில் உள்ளன. அணையும் மின்நிலையமும் எழுவதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் முன்னர்ப் பாபநாசத்தில் தாமிரபரணி எவ்வாறு வீழ்ந்தது என்பதை அப்படம் காட்டுகிறது. பாட்டனும் பூட்டனும் நீராடிய அருவி அதுதான். 

திருச்சி மலைக்கோட்டையைக் காவிரிக் கரையிலிருந்தும் பிற திசைகளிலிருந்தும் வரைந்தனர். தஞ்சைப் பெரிய கோயிலையும், அதன் முன் கிடக்கும் பெருநந்தியையும் வரைந்தனர். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களையும் குடைவரைகளையும் கண்டு வியந்தனர். சென்னையில் கோட்டையையும், கடற்கரையையும், அடையாற்றின்மேல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் கட்டித்தந்த பல வளைவுப் பாலத்தையும் படமாக்கினர். அப்பழம்பாலம் 1960களில் நீங்கி, அவ்விடத்தில் மறைமலை அடிகள் பெயரால் புதுப்பாலம் எழுந்தது. பழையது தாளில் நிற்கிறது.

1793ஆம் ஆண்டு தொடக்கத்தில், தாம் தீட்டிய வண்ண ஓவியங்களைச் சென்னையில் குலுக்கல் முறையில் விற்றுப் பணம் திரட்டிக்கொண்டு, இருவரும் மேலைக் கடற்கரைக்குக் கப்பலேறினர்.

மும்பைத் தீவில்

1793ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர்கள் பம்பாய் வந்தடைந்தனர். அந்நாளைய பம்பாய் ஒரு சிறு தீவு. மாகிம் கழிக்கு வடக்கேயுள்ள நிலம் சால்செட் என்னும் வேறு தீவு. இரண்டையும் இணைக்கும் சயான் கரைப்பாலம் 1803ஆம் ஆண்டிலும், மாகிம் கரைப்பாலம் 1845ஆம் ஆண்டிலும்தான் முடிந்தன. ஆதலால் அப்பால் செல்வோர் படகில் கழியைக் கடந்தே செல்ல வேண்டும்.

பம்பாயில் அவர்களுக்கு ஒரு நண்பர் வாய்த்தார். ஸ்காட்லாந்து நாட்டினரான ஜேம்ஸ் வேல்ஸ் என்னும் ஓவியர் 1791ஆம் ஆண்டு முதல் இப்பகுதியில் வாழ்ந்து, குகைக் கோயில்களை அளந்து வரைந்து வந்தார். ஒரே தொழிலில் உள்ளோர் ஒருவர்மேல் ஒருவர் பொறாமை கொள்வது உலகியல்பு. வேல்ஸோ தாம் அரிதின் கண்டறிந்த இடங்களுக்கெல்லாம் புதியவர்களை அழைத்துச் சென்று காட்டினார். எலிபண்டா, கன்னேரி, ஜோகேசுவரி முதலிய குகைகளை அவர்கள் அவ்வாறே கண்டனர். எலிபண்டாத் தீவுக்குப் பெயர் தந்த கல்யானை அப்பொழுது அத்தீவிலேயே நின்றது. பின்னர்த் தலை விழுந்து சிதைந்து, 1864ஆம் ஆண்டு நகருக்குக் கொண்டுவரப்பட்டு, இப்பொழுது பைக்குலாத் தோட்டத்தில் ஒட்டவைக்கப்பட்டு நிற்கிறது.

1793ஆம் ஆண்டிலேயே டேனியல் இருவரும் பம்பாயை விட்டு நீங்கினர். வேல்ஸ் எல்லோரா சென்று அதன் குகைகளை வரைந்தார். 1795ஆம் ஆண்டு நோயுற்று இறந்தார். அவர் உழைப்பு பெட்டியில் கிடந்து மக்கிப் போயிருக்கலாம். தாமஸ் டேனியல் அதற்கு விடவில்லை. வேல்ஸின் எல்லோரா வரைபடங்களைப் பெற்று, வில்லியத்தைக் கொண்டு தகட்டில் பொறிக்கச் செய்து, 1803ஆம் ஆண்டு 24 படங்களாக வேல்ஸின் பெயரோடு வெளியிட்டார். இறந்த நண்பனின் உழைப்பை அவன் பெயராலேயே உலகுக்கு அளித்த இச்செயல், தாமஸின் படங்கள் எவற்றினும் சிறந்ததென்று சொல்லத் தோன்றுகிறது.

லண்டனில் கடும் உழைப்பு

மஸ்கட்டையும் சீனத்தையும் கண்டு, 1794ஆம் ஆண்டு செப்டம்பரில் இருவரும் இங்கிலாந்து திரும்பினர். புறப்பட்டு ஒன்பதாண்டுகள் ஆகியிருந்தன. பெட்டிகள் நிறைய வரைபடங்கள். ஆனால் அவற்றை அச்சிட்டால்தான் பயன். அதற்கு அவர்கள் கையாண்ட முறையை இளைஞர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று.

நன்கு மெருகிட்ட செப்புத் தகட்டின்மேல் குங்கிலியப் பொடியை மென்மையாகப் படியவிட்டுச் சூடுகாட்டி ஒட்டச் செய்வர். அத்தகட்டை அமிலத்தில் இட்டால், துகள்களுக்கு இடையே தெரியும் செம்பு மட்டும் அரிபடும். படத்தில் வெண்மையாக இருக்க வேண்டிய இடத்தை முதலிலேயே மெழுக்கிட்டு மறைத்துவிடுவர். சற்றே கருமை வேண்டிய இடத்தைச் சிறிது நேரம் அரிக்கவிட்டு மறைப்பர். மிகுந்த கருமை வேண்டிய இடத்தை நெடுநேரம் அரிக்கவிடுவர். ஆழ அரிபட்ட இடம் மிகுதியாக மை கொள்ளும். இவ்வாறு படிப்படியாக அரித்து அச்சிட்டால், நீர்வண்ணத்தில் தீட்டியது போன்ற மென்மை தாளில் தோன்றும். அச்சிட்ட பின்னர் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் ஏற்றுவர். கணம் தவறினாலும் தகடு பாழாகும். பல வார உழைப்பு ஒரு நொடியில் அழியும்.

இந்த வித்தையில் தேர்ச்சி பெறுவதற்காக வில்லியம் ஏழாண்டுக் காலம் காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை உழைத்தார். கீழைநாட்டுக் காட்சிகள் என்னும் பெருநூல் 1795 முதல் 1808 வரையில் ஆறு பகுதிகளாக வெளிவந்தது. ஒவ்வொன்றிலும் 24 படங்கள், மொத்தம் 144. முழுத் தொகுதியின் விலை 210 பவுன். அது அக்காலத்தில் பெருஞ்செல்வர்க்கே எட்டும் தொகை. ஆயினும் நூல் புகழ்பெற்றது. தாமஸ் 1799ஆம் ஆண்டு அரசுக் கலைக்கழகத்தின் முழு உறுப்பினரானார். வண்டிக் கதவுக்கு வண்ணம் தீட்டிய இளைஞர் நாட்டின் தலைசிறந்த கலைஞர் அவையில் இடம்பெற்றார்.

அவர் படங்களைக் கண்டு மயங்கிய செல்வர்கள் இந்திய முறையில் கட்டடம் எழுப்பவும் விரும்பினர். செசின்கோட் என்னும் ஊரில் காக்கரெல் குடும்பத்தார் கட்டிய மாளிகையின் தோட்டத்துக்குத் தாமஸே வரைபடம் தந்தார். கதிரவனுக்கு ஒரு சிறு கோயிலும், நந்தி உருவங்கள் அமர்ந்த ஒரு பாலமும் ஆங்கிலப் புல்வெளியின் நடுவே இன்றும் உள்ளன. இங்கிலாந்து இளவரசர் அம்மாளிகையைக் கண்டு வியந்தார். பின்னர்ப் பிரைட்டன் நகரில் அவர் எழுப்பிய அரண்மனை இந்தியக் கும்மட்டங்களைத் தலையில் தாங்கி நிற்கிறது.

இறுதிக்காலம்

தாமஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. வளர்த்த பிள்ளையே அவருக்கு மகனும் மாணாக்கனும் தொழில் துணைவனும் ஆனான். வில்லியம் பின்னர்த் தனித்துப் புகழ் பெற்றார். பிரித்தானியக் கடற்கரை முழுவதையும் சுற்றி 308 படங்களை வெளியிட்டு, 1822ஆம் ஆண்டு கலைக்கழக உறுப்பினரும் ஆனார். வில்லியத்தின் தம்பி சாமுவேலும் ஓவியரே. இலங்கைக் காட்சிகளை வரைந்து 1808ஆம் ஆண்டு வெளியிட்ட அவர், 1811ஆம் ஆண்டு அத்தீவிலேயே உயிர் நீத்தார்.

வில்லியம் 1837ஆம் ஆண்டு மறைந்தார். வளர்த்தவர் இருக்க வளர்ந்தவர் சென்றது முதியவருக்குப் பெருந்துயர். அத்துயரோடு மூன்றாண்டுகள் வாழ்ந்து, தொண்ணூறு வயதை எட்டிய தாமஸ் 1840ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் லண்டனில் காலமானார். அதற்குள் உலகம் மாறியிருந்தது. முந்தைய ஆண்டில்தான் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கைவரை ஓவியம் செய்த வேலையைக் கருவி செய்யும் காலம் பிறந்துவிட்டது.

நிறையும் குறையும்

ஒருவர் வரலாற்றைக் கூறுங்கால் நிறையை மட்டும் கூறி விடுதல் முறையன்று. தாமஸ் டேனியல் கம்பெனியின் இசைவோடு, கம்பெனியின் படை வென்ற வழியே நடந்தவர். அவர் வரைந்த கோட்டைகளிற் பல, வென்றவர் காண விரும்பிய கோட்டைகள். படத்தில் மண்டபம் பெரிதாகத் தெரிகிறது. மண்டபத்தடியில் நிற்கும் மனிதர் சிறு உருவங்களாகத் தெரிகின்றனர். அவர்கள் பசியும் வரிச்சுமையும் அப்படத்தில் தெரியா. வெயிலில் பல்லக்கைச் சுமந்தவர், கூடாரம் அடித்தவர், வழிகாட்டியவர், தகட்டுக்கு மெருகிட்டவர் ஆகியோர் பெயர்கள் படத்தின் அடியில் பொறிக்கப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு பெயரை நன்றியோடு நினைக்க வேண்டும். புனே நகரைச் சேர்ந்த கங்காராம் தாம்பட் என்னும் ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸுக்குத் துணையாயிருந்து, எல்லோராக் குகைகளைத் தம் கையாலும் வரைந்தார். அவர் வரைந்தவை அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. நம்மவர்க்குக் கண்ணும் கையும் இல்லாமற் போகவில்லை. அச்சிட்டுப் பரப்பும் வாய்ப்பே இல்லாமற் போயிற்று.

இக்குறைகளை எல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கிறது. நம் முன்னோர் நாள்தோறும் கடந்து சென்ற மண்டபத்தின் முன் ஓர் அயலார் நின்றார், பொறுமையோடு நோக்கினார், அளவு பிறழாமல் வரைந்தார். பின்னர் மதில் போயிற்று, பாலம் போயிற்று, மாளிகை உருமாறியது. அவை இருந்த கோலத்தை அறிய விரும்பும் வரலாற்று ஆசிரியரும் ஓவிய அறிஞரும் இன்று அவர் படங்களைப் புரட்டுகின்றனர். கல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் அவருடைய வண்ண ஓவியங்கள் பல உள்ளன. அச்சுப்படங்களின் படிகள் விடுதிச் சுவர்களிலும் நாட்காட்டிகளிலும் உலகெங்கும் தொங்குகின்றன. கல்லினும் தாள் மெலிது. ஆயினும் கல் ஓரிடத்தில் மட்டும் நிற்கும். அச்சேறிய தாளோ நூறு வீடுகளில் வாழும். ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் எஞ்சும்.

நம் கடமை

நம் வாயிலிலேயே ஓர் இடிபாடு உண்டு. மித்தி ஆற்றை அடுத்துத் தாராவியில் நிற்கும் கறுத்த கற்கோட்டையை நாம் காலா கில்லா என்று அழைக்கிறோம். பேருந்து நிலையத்துக்கும் அப்பெயர் வழங்குகிறது. ஜான் ஹார்ன் என்பவர் பம்பாய் ஆளுநராயிருந்தபோது 1737ஆம் ஆண்டு அது கட்டப்பட்டது என்பதை அதன் கல்வெட்டே கூறுகிறது. அப்பால் கிடந்த சால்செட்டிலிருந்து பகைவர் கழியைக் கடந்து வாராமல் காக்க எழுந்த காவற்கோட்டை அது. டேனியல் பம்பாய்க்கு வந்தபோது அதற்கு ஐம்பத்தாறு வயது. அவர் அதனை வரையவில்லை. நாமும் வரையவில்லை. அதன் நிழலில் மூன்று நான்கு தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அக்கோட்டையின் நீள அகலத்தையும், கல்வெட்டின் வாசகத்தையும், அதன் பக்கத்தில் எந்த ஆண்டில் எந்தத் தெரு எழுந்தது என்பதையும் எழுதி வைத்தவர் நம்மில் எத்தனை பேர்?

தாராவியைப் புதிதாக மாற்றியமைக்கும் பேச்சும் பணியும் நடந்துவரும் காலம் இது. நல்ல வீடும் நல்ல நீரும் நல்ல காற்றும் நம் மக்களுக்கு வேண்டும்; அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆயினும் பழைய சந்துகள் மறையுமுன், தோல் பதனிட்ட கொட்டில்கள் நின்ற இடமும், குயவர் சூளைகளும், முதன்முதல் வந்த நம் பெரியோர் கட்டிய சிறு கோயில்களும், தமிழ் எழுத்துப் பலகை தொங்கிய பள்ளிகளும் யாரேனும் ஒருவர் கையால் பதிவு பெற வேண்டும். வென்றவர் வந்து வரையும் வரையில் காத்திருத்தல் தகாது. வாழ்ந்தவரே வரைந்தால், மண்டபத்தோடு மனிதரும் பெரிதாகத் தெரிவர். சுமந்தவர் பெயரும் அடியில் இடம்பெறும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நம் இல்லத்துப் பிள்ளைகளின் கையில் ஒரு வரைதாளும் ஓர் எழுதுகோலும் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலா கில்லாவின் முன் அமர்த்துவோம். மற்றொரு ஞாயிற்றுக்கிழமை கன்னேரிக்கு அழைத்துச் செல்வோம். ஊருக்குப் போகும் விடுமுறையில் பாபநாசத்தையும் புதுமண்டபத்தையும் வரைந்து வரச் சொல்வோம். அவர்கள் வரைந்தவற்றிற்கு ஊர்ப்பெயரும் நாளும் குறித்து, அடுத்த ஆண்டு மலரில் இடம் தருவோம். விடுதிக்காரர் மகனாய்ப் பிறந்து, வண்டிக்கு வண்ணம் தீட்டி, அயல்நாட்டில் வெயிலில் அலைந்து, வளர்த்த பிள்ளையோடு சேர்ந்து 144 படங்களில் ஒரு நாட்டைக் காத்துவைத்த தாமஸ் டேனியலின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.